ஆறு ரோல் துணி

எங்கள் தெருவில் சோற்றில் முடி கிடந்தால் சண்டை வரும். நூல் கிடந்தால் வராது. எடுத்துத் தட்டு ஓரத்தில் போட்டுவிட்டு அடுத்த வாய் வைப்போம். இராஜபாளையத்தில் பாதிப் பேர் நூலில் பிழைப்பவர்கள். மில்லில் நூற்பவன், தறியில் நெய்பவன், தொட்டியில் வெளுப்பவன், வீட்டில் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டுகிறவள் என்று ஆளுக்கொரு வேலை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற துணி எங்கிருந்து வருகிறது என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை. எங்கள் தெருவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தெருவில்தான் ஐயாதுரைக்கு ஆறு மாதம் கடுங்காவல் தண்டனை விழுந்தது. எண்பத்தொன்பதாம் வருடம், பங்குனி வெயில். தீர்ப்பான அன்றே உள்ளே போட்டுவிடவில்லை; அப்பீல் போட முப்பது நாள் தவணை கொடுத்து ஜாமீனில் விட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் அவன் தலை நிமிராமல் நடந்தான். தெருவில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு கேள்விதான், அது கேட்பதைவிடக் கெட்ட கேள்வி என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. ஆனால் நானும்தான் கேட்கவில்லை.

வழக்கு இவ்வளவுதான். ஐயாதுரை ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பதினோரு வருடம் தறி ஓட்டியவன். முந்தின ஆடியில், தறி ஷெட்டிலிருந்து ஆறு ரோல் துணி காணோம் என்று சூப்பர்வைசர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். முந்தின ராத்திரி ஷிப்டில் இருந்தவன் ஐயாதுரை. தறிக்கு ஆள் குறைத்ததைப் பற்றி சூப்பர்வைசரிடம் முகத்துக்கு நேரே கேட்டிருந்தவனும் அவன்தான். பேச்சு அவனுக்கு இருமல் மாதிரி, அடக்க முடியாமல் போனால்தான் வரும். வந்த ஒரு தடவையும் வினையாகப் போயிற்று. மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. சமையல்கட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஆறு ரோல் துணி இருந்தது. சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு ஆளையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தத் துணி பீர் முகமது கொடுத்தது. அவர் வேறொரு பெரிய கம்பெனியில் துணி எடுத்துவந்து எங்கள் தெருப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஐயாதுரையின் மனைவி செல்லக்கனியும் அவளைப்போல ஏழெட்டுப் பேரும் அதை வெட்டி, இறுக்கிச் சுருட்டி, நீலத் தாளில் பொதிந்து திருப்பிக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரித் துணியைச் சுத்தமான ஷெட்டில் மேஜை போட்டுத்தான் சுருட்ட வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் கட்டுப்பாடு. நாங்கள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துச் சுருட்டினோம். வெளியே தெரிந்தால் பீர் முகமதுக்குத் துணி நின்றுபோகும், அவரோடு எட்டு வீட்டு அடுப்பும் நின்றுபோகும். ஆகவே போலீஸ் "யார் துணி?" என்று கேட்டபோது ஐயாதுரை "கம்பெனித் துணி இல்லய்யா" என்றான். "அப்ப யாருது?" என்றதற்கு வாயைத் திறக்கவில்லை. ஸ்டேஷனிலும் திறக்கவில்லை, கோர்ட்டிலும் திறக்கவில்லை.

தீர்ப்புக்கு மறுநாள் முற்பகலில் பீர் முகமது சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். செல்லக்கனி பாதி சுருட்டிய துணியை மடியில் போட்டிருந்தாள். ஐயாதுரை சுவரில் சாய்ந்திருந்தான்.

"தங்கச்சி, நான் முடிவு பண்ணிட்டேன். அப்பீல்ல வந்து கூண்டுல ஏறுதேன். அது நான் கொடுத்த துணின்னு சொல்லிருதேன்" என்றார்.

"சொன்னா உங்களுக்குத் துணி நின்னு போகும்லா அண்ணாச்சி."

"நிக்கட்டும். பழைய பேப்பர் யாவாரம் பாத்துக்கிடுதேன். களவெடுக்காத மனுசன் உள்ள போறதைப் பாத்துக்கிட்டு நான் எப்படி அஞ்சு நேரம் தொழுறது?"

ஐயாதுரை நிமிராமலே சொன்னான். "நீங்க தொழுங்க அண்ணாச்சி. கோர்ட்டுக்கு மட்டும் வராதிய."

"என்னப்பா பேசுத?"

"ஆறு மாசந்தானே. நான் ஒருத்தன் இருந்துட்டு வந்துருதேன். நீங்க வாயைத் தொறந்தா எட்டு வீடு கிடக்கு. ஆவுடையம்மா மதினி வீட்டுல அவிய சுருட்டுததுதான் சோறு. நம்ம தெரு மாஜிதாவுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காக. எல்லாத்தையும் கெடுத்துட்டு நான் வீட்டுல உக்காந்து என்னத்தத் திங்க?"

செல்லக்கனிக்குப் பொறுக்கவில்லை. "ஆறு மாசம் இருந்துட்டு வந்தா முடிஞ்சிருமா? பொறவு காலம் பூரா களவாணி பொண்டாட்டின்னு நான் தண்ணிக்குழாயில நிக்கவா? உங்களுக்கு எட்டு வீடு தெரியுது, ஒம்பதாவது வீடு தெரியலையா?"

பீர் முகமது தலையில் இருந்த தொப்பியை எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டார். செல்லக்கனி மூன்று பேருக்கும் மோர் கலக்கிக் கொடுத்தாள். கோபத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.

ஐயாதுரையை அந்த நாட்களில் அதிகம் வருத்தியது ஜெயில் இல்லை, அவன் அண்ணன் சங்கரலிங்கம். அதே கம்பெனியில் வெளுக்கிற தொட்டியில் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து, கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தறியில் சேர்த்துவிட்டவர் அவர்தான். போலீஸ் வந்துபோன நாளிலிருந்து தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "நான் சேத்துவிட்ட இடத்துலயே கை வச்சிட்டான்" என்று யாரிடமோ சொன்னதாக வந்து சேர்ந்தது. கூடப் பிறந்தவரே அப்படிச் சொன்னால் ஊரைச் சொல்லி என்ன?

அப்பீல் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லாக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். மம்சாபுரத்தில் செல்லக்கனியின் சித்தி அய்யம்மாளுக்கு வரப்புத் தகராறில் வாதாடிய கிருபாபாய் என்ற வக்கீலம்மா அங்கே இருந்தார்கள். "அந்தம்மா வாதாடுத அழகு எனக்குத் தெரியாது, ஆனா கொடுத்த பேப்பரை ஒரு எழுத்து விடாம வாசிப்பாக" என்றாள் அய்யம்மாள். முதல் வக்கீல் வாசித்தாரா என்பதே சந்தேகமாக இருந்ததால் செல்லக்கனிக்கு அந்த ஒரு குணம் போதுமாக இருந்தது. கட்டைப் பையில் தீர்ப்பு நகல், சாட்சியங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

நான்காம் நாள் போனபோது கிருபாபாய் தட்டில் நுங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஐயாதுரை, மாஜிஸ்ட்ரேட் கடைசியா உங்களைக் கேட்டப்போ 'தெரியாது'ன்னு சொல்லியிருக்கீங்க. என்ன தெரியாது?"

"ஒரு பக்கம் பூராவும் ஒரே மூச்சுல வாசிச்சாருங்கம்மா. அந்தச் சாட்சி அப்படிச் சொன்னாரு, இந்தச் சாட்சி இப்படிச் சொன்னாருன்னு. முடிச்சிட்டு, இதுக்கு என்ன சொல்லுதேன்னாரு. எதுக்குன்னு தெரியலை. அதான் தெரியாதுன்னேன்."

"ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுத்துச் சொல்லி, தனித்தனியா உங்க பதிலைக் கேக்கணும். அதுக்குத்தான் அந்தக் கட்டமே. இது ஒரு பாயிண்ட். வீட்டைச் சோதனை போட்டதுக்கு ரெண்டு சாட்சி, ரெண்டு பேருமே கம்பெனி ஆளு. தெருவுல ஒருத்தரைக்கூடக் கூப்பிடலை. இது ரெண்டு. சாக்குக்கு சீல் வைக்கலை. இது மூணு." அவர் பேனாவை மூடினார். "ஆனா எல்லாம் சொன்ன பிறகும் ஜட்ஜு ஒண்ணு கேப்பாரு. வீட்டுல ஆறு ரோல் இருந்துச்சே, அது எப்படி வந்துச்சுன்னு. அதுக்கு உங்ககிட்டப் பதில் இருக்கு. சொல்ல மாட்டேங்கீங்க."

ஐயாதுரை நுங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்லக்கனிதான் வாயைத் திறந்தாள்.

"அதை எதுக்கும்மா சொல்லணும்? அவிய களவு போச்சுங்கது தறி ஷெட்டுத் துணி. எங்க வீட்டுல இருந்தது வெள்ளைத் துணி. அது வேற, இது வேறல்லா."

கிருபாபாய் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னீங்க?"

"தறியில இருந்து வாரது காடாம்மா. பழுப்பா, மொடமொடன்னு, கஞ்சி வாடையோட இருக்கும். தொட்டியில போட்டு, காய்ச்சி, வெளுத்து, காயவச்சாத்தான் வெள்ளையாகும். நாங்க சுருட்டுதது வெளுத்த துணி."

"அப்ப அந்தச் சாக்குல இருக்கிறது வெள்ளைத் துணியா?"

"பொறவு? போலீசு எடுத்துட்டுப் போனது அதைத்தானே."

"இதை ஏன் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லலை?"

புருசனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயாதுரை சொன்னான். "சூப்பர்வைசருக்குத் தெரியாதாம்மா வெள்ளைக்கும் காடாவுக்கும்? தெரிஞ்சேதான் எங்க துணின்னு சொல்லுதாரு. அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. பொறவு நான் தனியா எடுத்துச் சொல்ல என்ன இருக்கு?"

எங்கள் ஆட்களின் மடத்தனத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. காக்கை கறுப்பு என்று யாராவது கூண்டில் ஏறிச் சொல்வார்களா? பிறந்ததிலிருந்து துணியில் புழங்குகிறவனுக்குக் காடாவும் வெள்ளையும் அப்படி. கோர்ட்டில் இருக்கிறவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். அங்கே மேஜைமேல் இருந்ததோ கட்டிய சாக்கு. அதற்கு ஒரு நம்பர் போட்டார்கள், சூப்பர்வைசர் "இதுதான்" என்றார், திரும்ப மூலையில் வைத்தார்கள். மாஜிஸ்ட்ரேட் பார்த்தது சாக்கு, வக்கீல் பார்த்தது சாக்கு. ஒருவரும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

கிருபாபாய் தாள்களைப் புரட்டி, புகார் நகலை எடுத்து விரலை வைத்து வாசித்தார். "'வெளுக்க அனுப்புவதற்காகத் தறி ஷெட்டில் வைத்திருந்த ஆறு ரோல் காடாத் துணி.' அவங்க கையாலேயே எழுதிக் கொடுத்திருக்காங்க. நானும் நாலு நாளா வாசிச்சேன். எனக்கும் துணின்னுதான் பட்டுச்சு."

"அப்ப பீர் முகமது அண்ணாச்சி பேரைச் சொல்ல வேண்டாமா?" என்று ஐயாதுரை அவசரமாகக் கேட்டான்.

"யாரு பேரையும் சொல்ல வேண்டாம். அது உங்க துணின்னு நீங்க காட்ட வேண்டியதில்லை ஐயாதுரை. அது அவங்க துணின்னு கம்பெனிதான் காட்டணும்." அதற்குள் தீர்ப்பின் கடைசித் தாளுக்குப் போயிருந்தவர் முகம் மாறிற்று. "அப்பீல் காலம் முடிஞ்சதும் சாக்கைக் கம்பெனிகிட்டக் கொடுத்திரணும்னு போட்டிருக்கு. இன்னிக்கே அப்பீலோட, சாக்கைக் கொடுக்கக் கூடாதுன்னும் மனு போடணும். அது கைமாறிப் போச்சுன்னா நமக்குக் கேஸே இல்லை. இன்னொண்ணு, உள்ள என்ன இருக்குன்னு ஊருல யாருகிட்டயும் பேசாதீங்க. சீல் இல்லாத சாக்கு, எங்க கிடக்குதோ, யாரு காவலோ."

அப்பீல் ஏற்கப்பட்டது, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, சாக்கை அப்படியே வைத்திருக்கவும் உத்தரவானது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் காத்திருந்தார்கள். கம்பெனி வேலை போய்விட்டதால் ஐயாதுரை மம்சாபுரம் பக்கம் தோட்ட வேலைக்குப் போனான். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சி, களை வெட்டி, சாயங்கால பஸ்ஸில் கறை படிந்த சட்டையோடு வந்து இறங்குவான். தறிச் சத்தத்திலேயே இருந்த காதுக்குத் தோட்டம் ரொம்ப அமைதியாக இருக்கிறது, கண்டதையும் யோசிக்க வைக்கிறது என்று அவன் சொன்னதுண்டு. செல்லக்கனி வழக்கம்போலச் சுருட்டினாள். வாய் ஓயாதவள் ஒரு விஷயத்தை ஒன்றரை வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

ஒரு தடவை ரேஷன் கடை வரிசையில் சங்கரலிங்கத்தைப் பார்த்தாள்.

"என்னத்தான், வீட்டுப் பக்கமே காணோம்?"

"ஷிப்டு சரியா இருக்கும்மா" என்று அவர் மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தொண்டை வரை வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். தொண்ணூறாம் வருடம் ஆவணியில் விசாரணைக்கு நாள் குறித்துத் தபால் வந்தது.

அன்றைக்கு இருவரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்த செல்லக்கனிக்கு ஒரே பயம்தான். உள்ளே இப்போதும் அந்தத் துணி இருக்குமா? இத்தனை நாளில் எவனாவது மாற்றி வைத்திருந்தால்? பகல் பதினொன்றரைக்கு ஒரு சிப்பந்தி சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார். தூசி கிளம்பிற்று, அரசு வக்கீல் தும்மினார்.

கிருபாபாய் முதலில் மாஜிஸ்ட்ரேட் கேள்வி கேட்ட முறையைச் சொன்னார், சாட்சிகளைச் சொன்னார், சீல் இல்லாததைச் சொன்னார். ஜட்ஜ் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் புகாரை வாசித்துவிட்டு, "களவு போனதாகச் சொல்வது வெளுக்காத துணி. கைப்பற்றியது வெளுத்த துணி. சாக்கைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.

கயிற்றை அவிழ்த்தார்கள். முதல் ரோல் வெளியே வந்தது. துணி பழுப்பாக இருந்தது.

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "வெள்ளை என்றீர்களே. சாக்கு நிறத்தில் அல்லவா இருக்கிறது?"

அரசு வக்கீல் பாதி எழுந்தார். கிருபாபாய் கையிலிருந்த புகாரைத் திரும்பப் பார்த்தார். அவருக்குத் துணி தெரியாது. ஐயாதுரை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "ரெண்டு சுத்துப் பிரிங்கய்யா, அது மேல படிஞ்ச தூசி" என்றது. சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று செல்லக்கனிக்குத் தெரிந்தது. டவாலி "உஸ்" என்று கையை ஓங்கினார்.

"நானும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன்" என்றார் கிருபாபாய்.

சிப்பந்தி ஒரு சுற்றுப் பிரித்தார். பழுப்பு மங்கிற்று. இரண்டாவது சுற்றையும் பிரித்தார். உள்ளே துணி வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஜட்ஜ் கையை நீட்டி, ஓரத்தை வாங்கி, இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். மற்ற ஐந்தையும் அதேபோலப் பிரிக்கச் சொன்னார். மேஜை முழுக்க வெள்ளைத் துணி புரண்டு கிடந்தது.

"இடையில் வெளுத்திருக்கலாம்" என்றார் அரசு வக்கீல்.

ஜட்ஜ் தாளைப் பார்த்தார். "ராத்திரி ஷிப்டில் களவு போயிருக்கிறது. பகலில் புகார். மறுநாள் காலையில் கைப்பற்றியிருக்கிறார்கள். எதில் வைத்து வெளுத்தார்? வீட்டில் என்ன இருந்ததாகச் சொல்லியிருக்கிறது?"

"அரிசிப் பானை" என்று கிருபாபாய், கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரைப் பார்த்துச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு. தண்டனை ரத்து, விடுதலை, துணியை எடுத்த வீட்டிலேயே திருப்பிக் கொடுக்க உத்தரவு. வராந்தாவில் கிருபாபாய் கையைப் பிடித்துக்கொண்டு செல்லக்கனி நின்றாள். ஐயாதுரைதான் கேட்டான். "அம்மா, நான் எடுக்கலைன்னு எழுதியிருக்காரா?"

கிருபாபாய் பொய் சொல்லத் தெரியாதவர். "எடுத்ததா நிரூபிக்கலைன்னு எழுதியிருக்காரு."

"ரெண்டும் ஒண்ணாம்மா?"

"சட்டத்துக்கு ஒண்ணுதான் ஐயாதுரை. இதுக்கு மேல எழுத அவருக்கு வார்த்தை கிடையாது."

அவன் கும்பிட்டுவிட்டு வந்தான். பஸ்ஸில் செல்லக்கனி சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியும் வாங்கவில்லை. ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை என்பது சந்தோஷம்தான். ஆனாலும் தன்னிடமிருந்து கொண்டுபோனதற்கும் கோர்ட் திருப்பிக் கொடுத்ததற்கும் நடுவே ஏதோ ஒன்று குறைகிற மாதிரி அவனுக்கு இருந்தது. அந்த ஆறு ரோல் காடா எங்கே போயிற்று என்பது இன்றுவரை எங்களுக்கும் தெரியாது.

மறுநாள் விடிந்தும் விடியாமல் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. சங்கரலிங்கம். பிளீச்சிங் பவுடரில் வெடித்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"சாக்குல இருந்தது வெள்ளைத் துணியாமே?"

"ஆமாண்ணே."

"நேத்து சாயங்காலம் டீக்கடையில ஒருத்தன் சொல்லுதான். எவனோ சொல்லித் தெரியுது எனக்கு." அவர் குரல் உடைந்தது. "ஏலே, நான் இருபத்திரெண்டு வருசமா வெளுக்குதேன். ஒரு ரோலு வெளுக்க எம்புட்டு நேரம், காய எம்புட்டு நேரம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவன் எடுத்திருக்க முடியாதுன்னு முதல் நாளே ஸ்டேஷன்ல போயி நின்னிருப்பேனே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேலே."

ஐயாதுரை அண்ணனை நேராகப் பார்த்தான். "நீ கேக்கலியேண்ணே."

சங்கரலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்லக்கனி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை படிந்தது. பிறகு அவர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"சட்டையைப் போடு. ஷிப்டு மாறுத நேரம், வா."

"எனக்கு அங்க என்ன வேலைண்ணே?"

"உனக்கு வேலை இல்ல. எனக்கு இருக்கு."

தம்பியைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தார். கம்பெனி வாசலில் உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாக நூறு பேர் இருக்கும்; ஷிப்ட் முடிந்து வந்த நானும் அதில் இருந்தேன். சூப்பர்வைசர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். சங்கரலிங்கம் சைக்கிளை நடு வழியில் நிறுத்திவிட்டு, தம்பியின் தோளில் அந்த வெடித்த கையை வைத்தார். அவர் அதிர்ந்து பேசி எங்களில் யாரும் கேட்டதில்லை.

"எல்லாரும் கேளுங்கப்பா. எந்தம்பி எடுக்கலை. இருபத்திரெண்டு வருசம் வெளுத்தவன் சொல்லுதேன், எந்தம்பி எடுக்கலை. ரெண்டு வருசமா அவனை ஒரு வார்த்தை கேக்காம இருந்தவன் நான்."

சூப்பர்வைசர் உள்ளே போய்விட்டார். கூட்டத்தில் இருந்து ஒருவர் வந்து ஐயாதுரையின் கையைப் பிடித்தார், பிறகு இன்னொருவர். மூன்றாவதாகப் போய்ப் பிடித்தவன் நான். கோர்ட்டிலும் ஸ்டேஷனிலும் அழாத ஐயாதுரை அத்தனை பேர் நடுவில் நின்று விசும்பி விசும்பி அழுதான். துடைக்கவும் இல்லை, குனியவும் இல்லை, தலை நிமிர்ந்தே நின்று அழுதான்.